வாழ்பொருள் இரப்பன்று, கடன்!

(திருவரங்கத்தில் நடைபெற்ற தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் இத் திருவரங்கத் தீவில் நின்று பேசுகிறேன். ஆற்றுக்குத் தென்கரையில் உறையூர் இருக்கிறது. சங்கச் சான்றோர் உறந்தை என்று வழங்கிய சோழர் தலைநகர் அது. அதன் பெருமைகளுள் தலையாயது எது? யானைப்படையா? இல்லை. கோட்டை கொத்தளமா? இல்லை. அங்கிருந்த அறங்கூறவையமே. உறந்தையின் அவையில் அறம் நிலைபெற்றிருந்தது என்பதைச் சோழனுக்குத் தனிப்புகழாக நம் புலவர் பாடினர். ஈராயிரம் ஆண்டு கழித்தும் நாம் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளத்தக்க புகழ் அது.

அவ் வுறந்தைக்கு அண்மையில் இன்று நம் மாவட்ட வழக்குமன்றங்கள் இயங்குகின்றன. அவ் வாயில்களில் நாள்தோறும் கைக்குழந்தையோடு வந்து நிற்கும் பெண்களைப் பற்றியே இன்று பேச வந்தேன். மொழியைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்த அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். மொழியும் இதில் வரும், வராமல் இராது.

புலவர் நால்வர் வேண்டிய பரிசில்

பேகனை அறியாதார் நம்மில் இல்லை. மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல். பொதினிமலைத் தலைவன். பள்ளிப் பிள்ளைகளும் அவன் கொடையை ஒப்பிப்பர். ஆனால் அவன் வாழ்வின் மறுபக்கத்தை நாம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகச் சொல்வதில்லை. மயிலுக்குக் குளிருமென்று இரங்கிய அவன், தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தியை நாடிச் சென்றான். (இக் கண்ணகி சிலம்பின் கண்ணகி அல்லள்.) கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அப் பெண்ணுக்காக அவனிடம் போய் நின்றனர். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டுகளும் அவள் பொருட்டுப் பாடப்பட்டவை. தாம் பசித்து வரவில்லை என்றும், பொன்னும் மணியும் தமக்கு வேண்டா என்றும், அவள் துயர் களைய அவன் தேரேறிச் செல்வதே தாம் வேண்டும் பரிசில் என்றும் அப் புலவர் பெருமக்கள் கூறினர்.

வறுமையே உடைமையாக வாழ்ந்த புலவர், கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்காகத் தமக்கு வரும் பரிசிலை வேண்டாமென்றனர்! இதனினும் உயர்ந்த தொண்டு நம் புலமை மரபில் உண்டா?

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பேகன் தேரேறினானா? அப் பாட்டுகள் அதைச் சொல்லவில்லை. நால்வர் நாவன்மையும் அவன் இரக்கத்தை நம்பியே நின்றது. அவன் இரங்கினால் அவளுக்கு வாழ்வு, இரங்காவிட்டால் இல்லை. அங்கே அறம் வேண்டுகோளாக நின்றதே அல்லாமல் சட்டமாக நிற்கவில்லை. மணவாழ்வில் ஏமாற்றும் தவறும் தலைகாட்டிய பிறகே முன்னோர் மணச்சடங்கை முறைப்படுத்தினர் என்பது தொல்காப்பியக் கற்பியல் தரும் செய்தி. தவறு புதிதாய் முளைக்குந்தோறும் முறையும் புதிதாய் வகுக்கப்படவேண்டும் என்பதே அதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம்.

பெயரிலேயே தொடங்கும் இழிவு

கைவிடப்பட்ட மனைவிக்கும் மக்களுக்கும் கணவன் கொடுக்கவேண்டிய தொகையைச் சீவனாம்சம் என்று வடசொல்லால் வழங்குகிறோம். உயிரோடு கிடப்பதற்குரிய பங்கு என்பது அச் சொல்லின் பொருள். உயிர் போகாமல் கிடந்தால் போதுமாம்! இன்னும் சிலர் 'உதவித்தொகை' என்கின்றனர். கடன்பட்டவன் கடனைத் திருப்பித் தருவது உதவியா? நான் இவ்வுரையில் வாழ்பொருள் என்றே சொல்லப் போகிறேன். வாழ்வதற்குரிய பொருள், உரிமையாக வரவேண்டிய பொருள்.

பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். மாறாது. ஆனால் இரப்பென்று எண்ணுகிறவள் தலைகுனிந்து நிற்பாள். கடனென்று அறிந்தவள் கணக்குக் கேட்பாள். முதல் மாற்றம் அங்கே நிகழவேண்டும்.

நான் கண்ட ஒரு கணக்கு

என்னிடம் பயின்ற மாணாக்கி ஒருத்தியின் தாய் ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். கோயிலை ஒட்டிய வீதியில் பூக்கட்டிப் பிழைப்பவர். மடியிலிருந்து நான்காய் மடித்த தாள்களை எடுத்து நீட்டி, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்" என்றார். வாங்கிப் பார்த்தேன். முறைமன்றம் அவருக்கு வழங்கிய ஆணை, முழுவதும் ஆங்கிலம். தன் வாழ்வைப் பற்றி எழுதப்பட்ட தாளை, தமிழ்நாட்டில், தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு தமிழ்ப்பெண், இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நிலை!

அவருக்கும் மகளுக்குமாகத் திங்களுக்கு 6,000 உருபா கணவன் கொடுக்கவேண்டும் என்பது ஆணை. மூன்று திங்கள் கொடுத்தான். பிறகு வேலை மாறினான், ஊர் மாறினான். "இன்றைக்கு அனுப்புவான், நாளைக்கு அனுப்புவான் என்று பார்த்தேன் ஐயா. மறுபடி வழக்கென்று போனால் ஒருநாள் பூ விற்பனை போய்விடும்" என்றார். இருபத்தாறு திங்கள் கடந்த பிறகே வழக்கறிஞர் ஒருவரிடம் போனார். அங்குதான் அவருக்கு அந்தச் செய்தி கிடைத்தது. நிலுவை விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட்டால்தான் அதைத் தண்டுவதற்கு ஆணை பிறக்கும். ஆகவே கடைசிப் பன்னிரண்டு திங்கள் தொகைக்கே அவ்வழியில் முறையிட முடியும். முந்தைய பதினான்கு திங்கள் தொகையாகிய 84,000 உருபா அவ்வழியில் கிடைக்காது!

அன்பர்களே! கொடாதவன் தப்பினான், பொறுத்திருந்தவள் இழந்தாள். பொறுமை பெண்ணுக்கு அணிகலன் என்று நூற்றாண்டு நூற்றாண்டாகச் சொல்லிக்கொடுத்தோம். அப் பொறுமைக்குச் சட்டம் இட்ட தண்டம் 84,000 உருபா! அன்று அந்த அம்மையார் அழவில்லை. தாள்களைப் பழையபடி நான்காய் மடித்துக்கொண்டு, "இதை முன்னமே தமிழில் எழுதியிருந்தால் நானே படித்திருப்பேனே ஐயா" என்று மட்டும் சொன்னார். அச் சொல் இன்றும் என்னை உறங்கவிடவில்லை. இவ்வுரைக்கு வித்தும் அதுவே.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1955-ஆம் ஆண்டு இந்து மணச்சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகள் வழக்கு நடக்கும் காலத்துக்கும் அதற்குப் பின்னும் வாழ்பொருள் பெற வழிசெய்கின்றன. எச் சமயத்தாராயினும் முறையிடத்தக்க பிரிவு 1973-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைத் தொகுப்பின் 125-ஆம் பிரிவாக இருந்தது. அத் தொகுப்பை நீக்கிவிட்டுப் புதிய தொகுப்பொன்றை நடுவணரசு 2024 சூலை முதல்நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் 'பாரதிய நாகரிக் சுரக்சா சங்கிதா'. ஆங்கிலப் பெயரை நீக்கிய கை, அவ்விடத்தில் வடமொழிப் பெயரை வைத்தது. என் மாணாக்கியின் தாய்க்கு அதுவும் விளங்காது, இதுவும் விளங்காது. அப் புதிய தொகுப்பின் 144-ஆம் பிரிவே இப்போது வாழ்பொருட்பிரிவு. பெயர் மாறியது, அந்த ஓராண்டு வரம்பு மட்டும் மாறாமல் அப்படியே வந்து அமர்ந்துகொண்டது.

பழைய தொகுப்பில் திங்களுக்கு 500 உருபாவுக்கு மேல் ஆணையிட முடியாதென்று ஒரு வரம்பும் இருந்தது. 2001-இல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. இடைக்கால வாழ்பொருள் பற்றிய முறையீட்டை, அறிவிப்புச் சார்பு செய்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்பதும் அவ்வாண்டுத் திருத்தத்தில் வந்ததே. 2020 நவம்பர் 4-இல் உச்ச முறைமன்றம் இரசனீசு எதிர் நேகா என்னும் வழக்கில் நல்லதொரு நெறிமுறை வகுத்தது. இருபாலாரும் தத்தம் வருவாயையும் உடைமையையும் கடனையும் உறுதிமொழி ஆவணத்தில் காட்டவேண்டும். முறையிட்ட நாளிலிருந்தே வாழ்பொருள் கணக்கிடப்படவேண்டும் என்றது. 2024 சூலை 10-இல், மணவிலக்குப் பெற்ற முசுலிம் பெண்ணும் இப் பொதுப்பிரிவின்கீழ் முறையிடலாம் என்று தெளிவாக்கியது.

ஆக, உரிமை இருக்கிறது. தீர்ப்பும் இருக்கிறது. இல்லாதது எது? தண்டல்! ஆணை பெறும்வரை சட்டம் அவளுக்குத் துணைவருகிறது. ஆணை கைக்கு வந்ததும், "இனி நீயே அவனைத் தேடிக்கொள்" என்று நடுத்தெருவில் விட்டுவிடுகிறது. அவன் எங்கே வேலை செய்கிறான், எந்த ஊரில் இருக்கிறான் என்பதையெல்லாம் அவளே கண்டறிந்து சொல்லவேண்டும். கொடாதவனை ஒரு திங்கள் நிலுவைக்கு ஒரு திங்கள்வரை சிறையிடலாம் என்கிறது சட்டம். சிறை சென்றாலும் கடன் தீராது என்று உச்ச முறைமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் அவன் சிறையிலிருப்பதால் அவள் அடுப்பு எரியுமா?

உழவன் அரசுக்கு வரிநிலுவை வைத்தால் என்ன நடக்கிறது? 1864-ஆம் ஆண்டு வருவாய்த் தண்டல் சட்டம் ஒன்று இன்றும் இங்கே உயிரோடிருக்கிறது. அதன்படி அரசே வந்து உடைமையைப் பற்றும், அரசே விற்கும். அரசுக்கு வரவேண்டிய கடனென்றால் அரசு நடந்துபோய்த் தண்டும். குழந்தையின் சோற்றுக்கு வரவேண்டிய கடனென்றால் தாயே நடக்கவேண்டும். இதுதான் நான் காட்ட வந்த வேறுபாடு.

நம் சட்டமன்றத்தால் இயலுமா?

"இவையெல்லாம் தில்லிச் சட்டங்கள், நம்மவரால் என்ன செய்யமுடியும்?" என்று சில உறுப்பினர் கைவிரிக்கக்கூடும். கைவிரிப்பதற்கு இடமே இல்லை. திருமணமும் மணவிலக்கும் குற்ற நடைமுறையும் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ளவை. மாநிலச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றால், அம் மாநிலத்துள் அதுவே செல்லும் என்கிறது 254-ஆம் பிரிவு. 500 உருபா வரம்பை நாடாளுமன்றம் நீக்குவதற்கு முன்பே மேற்கு வங்கமும் மராட்டியமும் தம் சட்டமன்றங்களில் அதை 1,500 ஆக உயர்த்திக்கொண்டன.

நம் வரலாறும் இதில் குறைந்ததன்று. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான மாநாடு பெண்ணுக்கு நிகரான உடைமையுரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. ஊர் சிரித்தது. 1953-இல் சென்னை உயர் முறைமன்றம் தன்மானத் திருமணம் ஒன்றைச் செல்லாதென்றது. மனைவி என்னும் நிலையே ஐயத்துக்குள்ளானால் வாழ்பொருளுக்கு வழியேது? அக் குறையை அறிஞர் அண்ணா ஆட்சியில் 1967-இல் நம் சட்டமன்றம் நீக்கியது. 1968 சனவரியில் குடியரசுத் தலைவர் இசைவும் கிடைத்தது. முன்னர் நடந்த தன்மானத் திருமணங்களும் செல்லுபடியாயின. 1989-இல் மகளிர்க்குக் குடும்ப உடைமையில் ஆடவரோடு ஒத்த பங்கைத் தமிழ்நாடு சட்டமாக்கியது. அதை இந்தியா முழுமைக்குமாக நாடாளுமன்றம் செய்தது 2005-இல்! நாம் முன்னே நடந்தோம். தில்லி பதினைந்தாண்டுக்குமேல் கழித்துப் பின்னே வந்தது. 2025 சனவரியில், மகளிர்க்கெதிரான குற்றங்களுக்குத் தண்டத்தைக் கடுமையாக்க, மேற்சொன்ன புதிய தொகுப்புகளையே திருத்தும் சட்டமுன்வரைவை நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. அன்று இயன்றது வாழ்பொருளுக்கு மட்டும் இயலாதா?

நாம் கேட்பவை ஐந்து

சட்டமன்ற உறுப்பினர்களே! திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் தொகுதிகளின் சார்பாளர்களே! உங்கள்முன் வைப்பவை இவை.

ஒன்று. ஓராண்டு வரம்பை நீக்குங்கள். பசித்தவளின் பொறுமை கடன்காரனுக்கு ஊதியமாகக் கூடாது.

இரண்டு. சம்பளம் வாங்குகிறவனிடம், ஆணை பிறந்த அன்றே, வேலை தருபவர் பிடித்தம் செய்து மனைவியின் வைப்புக்கணக்கில் செலுத்தட்டும். இது புதுமையன்று. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்படி ஆணையிட நடுவர்க்கு உரிமை தந்துள்ளது. வாழ்பொருள் தீர்ப்புக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை பற்றலாம் என்று உரிமையியல் நடைமுறைத் தொகுப்பின் 60-ஆம் பிரிவும் இடந்தருகிறது. விதிவிலக்காய் உள்ளதைப் பொதுவிதியாக்குங்கள். முதற்கண் அரசூழியரிடமிருந்தே தொடங்குங்கள்.

மூன்று. மற்றவரிடம் உள்ள நிலுவையை வருவாய் நிலுவைபோல் அரசே தண்டட்டும். முதிய பெற்றோர்க்கு வாழ்பொருள் பெற்றுத்தரும் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் தீர்ப்பாயமாக அமர்கிறார். பெற்றோர்க்குத் திறந்த அக் கதவை மனைவி மக்களுக்கும் திறங்கள்.

நான்கு. அவன் கிடைக்கும்வரை குழந்தை காத்திருக்க முடியாது. ஆணையிட்ட தொகையில் ஒரு பகுதியை அரசு முன்பணமாகக் கொடுத்து, பின்னர் அவனிடம் வட்டியோடு தண்டிக்கொள்ளட்டும். செருமானிய நாட்டில் 1980 முதல், தந்தை கொடாதபோது பிள்ளைக்கு அரசு முன்பணம் கொடுத்துத் தந்தையிடம் திரும்பப் பெறும் சட்டம் நடப்பில் இருக்கிறது. நம் அரசும் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்குத் திங்கள்தோறும் தொகை வழங்கும் திட்டத்தை நெடுங்காலமாக நடத்திவருகிறது. 2023-இல் அது 1,200 உருபாவாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் வறுமையால் கொடாதவன் ஒருவன். வன்னெஞ்சால் கொடாதவன் ஒருவன். பின்னவன் தரவேண்டியதைப் பொதுமக்கள் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, அவனைக் கேளாமல் விடுவது எவ்வகை முறை?

ஐந்து. வாழ்பொருள் ஆணை ஒவ்வொன்றும் தமிழில் எழுதப்படவேண்டும். கொடாவிட்டால் எங்கே, எத்தனை நாளுக்குள், எப்படி முறையிடுவது என்பது அதன் அடியிலேயே தமிழில் அச்சிடப்படவேண்டும். கீழமை மன்றங்களில் தமிழ் வழங்க 1976-லேயே நம் ஆட்சிமொழிச் சட்டத்தில் வழிசெய்தாயிற்று. வழி இருந்தும் நடவாதது யார் குற்றம்? தமிழ் ஆட்சிமொழி என்பதைப் பெயர்ப்பலகை அளவில் நிறுத்திவிட்டோம். ஏழையின் ஆணைத்தாளில் ஏறாத தமிழ், கோட்டையின் முகப்பில் ஏறி என்ன பயன்?

மறுப்பார்க்கு ஒரு சொல்

"வாழ்பொருள் என்று சொல்லிக் கணவனைக் கசக்கிப் பிழியும் பெண்களும் உளரே?" என்பர். இருக்கலாம். பொய்வழக்குத் தொடுப்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் நமக்கு உறவினரல்லர். அதற்குத்தான் இருவரும் தம் வருவாயைக் காட்டவேண்டும் என்று உச்ச முறைமன்றம் நெறிவகுத்தது. நல்ல வருவாயுடைய மனைவி தன்னை ஏழையென்று காட்டினால் அதுவும் அங்கே வெளிப்படும். இந்து மணச்சட்டத்தின்கீழ் வருவாயற்ற கணவனும் மனைவியிடம் வாழ்பொருள் கேட்கலாம் என்பதைப் பலர் அறியார். நாம் கேட்பது தொகையைக் கூட்டச் சொல்லியன்று. இருபுறமும் கேட்டு, சான்று ஆய்ந்து, முறைமன்றம் நிறுத்துச் சொன்ன தொகையைக் கொடுக்கச் சொல்லியே. இல்லாதவனிடம் வற்புறுத்தவேண்டா; அவன் முறையிட்டுத் தொகையைக் குறைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. இருந்தும் ஈயாதவனையே கேட்கிறோம். ஓர் ஆணையைப் பெற்றுவிட்டு அது நிறைவேறாமல் நிற்பது பெண்ணுக்கு மட்டும் இழிவன்று. ஆணையிட்ட அரசுக்கும் இழிவு.

நிறைவாக, இவ்வூர் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி அமைகிறேன். பங்குனித் திருவிழாவில் அரங்கன் உறையூர் நாச்சியாரைக் கண்டு திரும்புவதும், தாயார் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே விடமாட்டேன் என்பதும், மட்டையடி நடப்பதும், நம்மாழ்வார் இடைநின்று இணக்கம் செய்வதும் ஆண்டுதோறும் நீங்கள் காண்பவை. பத்தியுள்ளோர் பத்தியோடு காண்க. இல்லாதோர் வழக்காறென்று காண்க. நான் கேட்பது ஒன்றே. அவளிடம் அடைக்க ஒரு கதவிருந்தது. கேட்க ஓர் அவை இருந்தது. தீர்த்துவைக்க ஒருவர் வந்தார். அவ் விழாவுக்குப் பூக்கட்டும் பெண்ணுக்கோ கதவுமில்லை, கேட்பாருமில்லை. மடியில் நான்காய் மடித்த ஆங்கிலத்தாள் ஒன்று மட்டும் இருக்கிறது.

பேகனிடம் புலவர் நால்வர் வேண்டினர், அது முடியாட்சிக்காலம். இது குடியாட்சி. நாம் தேர்ந்தெடுத்தவரிடம் வேண்டுவதில்லை, கேட்கிறோம். இங்குள்ள ஒவ்வொருவரும் இவ் வைந்து கோரிக்கைகளையும் தமிழில் எழுதி, தத்தம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்க்கு அனுப்புங்கள். அடுத்த தெருவில் அப்படி ஓர் ஆணைத்தாளோடு நிற்கும் பெண்ணிருந்தால், "அம்மா, ஓராண்டு கடக்குமுன் முறையிடுங்கள்" என்று இன்றே போய்ச் சொல்லுங்கள். சட்டம் திருந்தும்வரை அந்த ஒரு சொல்லேனும் அவளைக் காக்கட்டும்.

உறந்தை அவையின் அறம் உயிர்பெறுக! வாழ்பொருள் உரிமையாகுக! வெல்க தமிழ்!